தேர் பார்த்துத் திருகோணமலையால் வருகிற பயணம்: பைகளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: அக்கா, நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஓகஸ்ட் விடுமுறையில் ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், மாமி எல்லாருமாக வான் பிடித்து யாழ்ப்பாணம் போகிறோம். நல்லூர்த் தேரும் தீர்த்தமும் பார்த்துவிட்டு, திருகோணமலையில் இரண்டு இரவு நின்று வரத் திட்டம், மொத்தம் ஆறு இரவு. மாமி சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுகிறவர். ஒவ்வொரு முறையும் முதல் நாள் இரவு ஒரு மணி வரை நான்தான் தனியாகப் பை அடுக்குவேன், ஏழெட்டுப் பை சேர்ந்துவிடும். "வீட்டையே தூக்கிக்கொண்டு வாறியா?" என்று அவர் கேட்பார். அப்படியிருந்தும் ஏப்ரலில் நுவரெலியா போனபோது மகன் வழியில் சத்தி எடுக்க மாற்றுச் சட்டை கிடைக்கவில்லை, மாமியின் சீனி பார்க்கிற மெஷினைக் காணவில்லை (இரண்டும் பிறகு ஏதோ ஒரு பைக்குள் இருந்து வந்தன), போன் சார்ஜர் வீட்டிலேயே நின்றுவிட்டது. ஒரு நல்ல லிஸ்ட் தருவீர்களா? (ஒரு வாசகி, கொழும்பு 13)

பதில்: தங்கச்சி, லிஸ்ட் தரலாம். தந்தால் அதையும் கையில் வைத்துக்கொண்டு இரவு ஒரு மணி வரை முழித்திருப்பீர்கள் என்பதுதான் என் பயம். நீங்கள் எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். காணாமல் போன மூன்றில் இரண்டு சாமான் வானுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எடுத்து வைத்திருக்கிறீர்கள், வேண்டிய நேரத்தில் எந்தப் பைக்குள் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளவத்தையில் இருந்து குடும்பங்களுக்கு வான் பிடித்து, அறை பதிந்து, பயணம் ஒழுங்கு செய்து கொடுக்கிற என் வேலையில் விடியற்காலையில் வானில் பை ஏறுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எல்லா வீட்டிலும் ஒரே முறைதான்: மகளுக்கு ஒரு பை, மகனுக்கு ஒரு பை, மாமிக்கு ஒரு பை, கணவருக்கு ஒன்று, பிறகு மிச்சமெல்லாம் போட மூன்று பொலித்தீன் பை. ஆளுக்கு ஒரு பை என்றால் நியாயமாகத்தான் தெரியும், ஆனால் புத்தளத்தில் பிள்ளை சத்தி எடுத்தால் அவனுடைய சட்டைக்காகப் பின்கதவைத் திறந்து ஐந்து பையை றோட்டில் இறக்க வேண்டிவரும்.

ஆகவே பையை ஆளுக்கு ஒன்றாகப் பிரிக்காதீர்கள், திறக்கப்போகிற இடத்துக்கு ஒன்றாகப் பிரியுங்கள். உங்கள் பயணத்தில் பை திறக்கிற இடம் நாலுதான்: வழி, யாழ்ப்பாணத்து வீடு, கோயில் வீதி, திருகோணமலை. நாலு பை, அதோடு மாமியின் கைப்பை. ஒவ்வொரு பையிலும் ஐந்து பேருடைய சாமானும் கலந்துதான் இருக்கும், பரவாயில்லை, ஒரு வீட்டு ஆட்கள்தானே.

திருகோணமலைப் பையை முதலில் கட்டுங்கள். நாலு நாள் கழித்துத் திறக்கப்போகிற பைக்குள் அவசரம் எதுவும் இருக்காது, அதனால் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே அதைக் கட்டி மூடி மூலையில் வைத்துவிடலாம். குளிக்கிற உடுப்பு, பழைய துவாய், வெயில் கிறீம், தொப்பி, மணல் விளையாட இரண்டு வாளி, இரண்டு நாளுக்கான உடுப்பு, ஈர உடுப்பு கொண்டுவரத் தடித்த பொலித்தீன் உறை இரண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிற காலம், நிலாவெளியில் பிள்ளைகளைத் தண்ணீரை விட்டு எடுப்பதுதான் கஷ்டமாக இருக்கும், எனவே குளிக்கிற உடுப்பு மட்டும் ஆளுக்கு இரண்டு செட் வையுங்கள். கோணேசர் கோயிலுக்கும் போவீர்கள் என்பதால் முழங்கால் மறைகிற உடுப்பு ஒன்று இந்தப் பைக்குள்ளேயே இருக்கட்டும். கடைசியாகத் திறக்கிற பை இது, வானில் முதலில் ஏற வேண்டியதும் இதுதான், ஆக உள்ளே போகட்டும்.

யாழ்ப்பாணத்துப் பைதான் பெரிய பை. இதில்தான் எல்லாரும் அளவு தெரியாமல் அடுக்குவது. கொழும்பில் ஓகஸ்டில் உடுப்புக் காய்வது எப்படி என்று உங்களுக்குத் தெரியும், மழைத் தூறலும் ஈரக்காற்றுமாக வராந்தாவில் இரண்டு நாள் தொங்கும், அந்தக் கணக்கிலேயே நாளுக்கு இரண்டு உடுப்பு என்று எடுத்து வைக்கிறோம். வடக்கில் அந்த நேரம் வரண்ட சோளகக் காற்றும் வெயிலும், காலையில் தோய்த்துக் கொடியில் போட்ட சட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே காய்ந்து மொறமொறவென்று நிற்கும். நாலு இரவுக்கு ஆளுக்கு மூன்று உடுப்பு போதும், நாலு வயதுக்காரனுக்கு மட்டும் ஐந்து வையுங்கள். தங்கப்போவது சொந்தக்காரர் வீடோ வாடகை அறையோ, தோய்க்க முடியுமா என்பதை இப்போதே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். அந்த ஒரு பதிலில் உங்கள் பை பாதியாகும்.

அப்புறம் இந்த "எதுக்கும் இருக்கட்டும்" சாமான்கள். சவர்க்காரம், பற்பசை, ஷாம்பு, பிஸ்கட், டயப்பர், நுளம்புச் சுருள் எல்லாம் யாழ்ப்பாணக் கடைகளில் வாங்கலாம், நீங்கள் காட்டுக்குப் போகவில்லை. காசு கொடுத்தால் அரை மணித்தியாலத்துக்குள் கிடைக்கிற சாமானை மறந்தால் மறந்ததுதான், அதற்காக நித்திரை முழிக்க வேண்டாம். கடையில் கிடைக்காதவற்றின் கணக்கு மிகச் சிறியது: டொக்டரின் துண்டு வேண்டிய மருந்து, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டைகள், மகன் இல்லாமல் நித்திரை கொள்ளாத அந்த ஒரு பொம்மையோ போர்வையோ. லிஸ்ட் என்று ஒன்று எழுதுவதானால் இந்த நாலையும் எழுதி வாசல் கதவில் உள்பக்கமாக ஒட்டுங்கள், வேறெதுவும் அதில் வேண்டாம்.

வழிப்பை உங்கள் காலடியில்தான் இருக்க வேண்டும், பின்னால் ஏற்றக் கூடாது. கொழும்பில் இருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று நின்று நின்று போனால் பிள்ளைகளோடு ஒரு முழுப் பகல் போய்விடும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு மாற்று உடுப்பு, உள்ளாடை உட்பட, ஒன்றாகச் சுருட்டி ஒரு ரப்பர் வளையம் போட்டு வையுங்கள், அப்போது சட்டை ஒரு பக்கம் கால்சட்டை ஒரு பக்கம் என்று தேட வேண்டியதில்லை. சத்தி எடுக்க ஓட்டை இல்லாத உறைகள் (பழைய பொலித்தீன் பை என்றால் ஊதிப் பார்த்து எடுங்கள்), ஈரத் துடைப்பான், சின்னத் துவாய், தேசிக்காய் இரண்டு, தண்ணீர்ப் போத்தல், கழிப்பறைக்குச் சில்லறை. சாப்பாட்டுக்குக் குழம்பு விட்ட எதுவும் வேண்டாம். ரோல்ஸும் எண்ணெய் பிழிகிற வடையும் வானுக்குள் மணந்தால் சத்தி வராத பிள்ளைக்கும் வரும். சம்பல் பூசின பாண், வாழைப்பழம், கிறீம் கிறக்கர் போதும். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் அடிக்க எல்லா வாகனமும் நிற்கும், அங்கே கச்சான் வாங்கப்போகிறீர்கள், கோதுகளைப் போட ஒரு உறையைக் கையில் வைத்திருங்கள், இல்லாவிட்டால் ஆனையிறவு தாண்டும்போது வான் முழுக்கக் கச்சான் கோது.

மாமியின் விஷயத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையாகவே கவலை தந்தது அந்த மெஷின் காணாமல் போன வரிதான். இன்சுலின், ஊசிகள், மெஷின், அதன் ஸ்ட்ரிப், கிளினிக் கொப்பி, இவை ஐந்தும் ஒரே உறைக்குள் மாமியின் கைப்பையில் இருக்கட்டும், அந்தப் பை அவருடைய மடியை விட்டு இறங்கக் கூடாது. ஆறு இரவுக்கு வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்கு மருந்து எடுங்கள், மேலதிகத்தை உங்கள் வழிப்பையில் வையுங்கள், ஒன்று தொலைந்தால் மற்றது இருக்கும். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசில், அதாவது ஃபிரிட்ஜின் குளிரில் வைக்க வேண்டும். பாவனையில் இருக்கிறதை அநேகமான வகைகளில் 30 பாகைக்கு மேல் போகாத அறை வெப்பத்தில் 4 கிழமை அளவுக்கு வைத்திருக்கலாம், உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கிற தாளில் பாருங்கள். ஓகஸ்ட் மாத வவுனியா வெயிலில் நிறுத்தி வைத்த வானுக்குள் 30 பாகை எல்லாம் ஒரு கணக்கே இல்லை, அதனால் சாப்பிட இறங்கும்போது மருந்தும் சேர்ந்து இறங்க வேண்டும். குளிர் உறைக்குள் ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி வையுங்கள், இன்சுலின் ஐஸில் முட்டிக்கொண்டு உறைந்துவிட்டால் அது பிறகு உருகினாலும் பாவிக்கக் கூடாது. போட்டு முடிந்த ஊசிகளைப் போட மூடி இறுகுகிற கெட்டிப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றும் வேண்டும்.

மாமியிடம் இன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தேருக்கு விரதம் இருக்கப்போகிறாரா? இருக்கப்போகிறார் என்றால் பயணத்துக்கு முன் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லி, அன்றைக்கு இன்சுலினை என்ன செய்வது என்று கேட்டு எழுதுவித்து வாருங்கள். வெறும் வயிற்றில் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சனத்துக்குள் போய் நிற்பது ஆபத்தான வேலை. வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றுகிறது என்றால் விரதத்தைப் பார்க்காமல் உடனே மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ கரைத்துக் கொடுக்க வேண்டும், அது கோயில் பையிலும் இருக்க வேண்டும். இன்னொன்று, சீனி வருத்தக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். நல்லூர் வீதியில் வெறுங்காலோடுதான் நிற்பார், பத்து மணி மணல் சுடுவது அவருக்குத் தெரியாமலே பாதம் கொப்பளித்துவிடும். காலையிலேயே கூட்டிப்போய் வெயில் ஏறுமுன் நிழலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனால் அந்த ஏழு கிணற்றுத் தண்ணீரையும் முதலில் நீங்கள் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு வார்க்க வேண்டும்.

சரி, கோயில் பை. இது சின்னத் தோள்பை, தேரன்றும் தீர்த்தத்தன்றும் மட்டும். நல்லூர் மகோற்சவம் 25 நாள், தேர் 24ஆம் நாள், தீர்த்தம் அதற்கடுத்த நாள். நல்லூரில் மணி சொன்னால் மணிதான், ஐந்து நிமிடம் உங்களுக்காகப் பொறுக்க மாட்டார்கள், காலையிலேயே தேர் வெளிக்கிட்டுவிடும். அதனால் இரண்டு நாளைக்குமான வேட்டி, சேலை, மகளின் பாவாடை சட்டை, உள்பாவாடை, ஊசி, சேலைக்கேற்ற பிளவுஸ் எல்லாவற்றையும் கொழும்பிலேயே மடித்து நாளுக்கு ஒரு உறையாகப் போட்டு வையுங்கள், விடிய நாலு மணிக்கு மற்றவர்களின் வீட்டில் லைட் போட்டுப் பிளவுஸ் தேடுவது நல்லாயிராது. ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் கோயிலுக்குள் போக வேண்டும், கழற்றின சேட்டைப் போட இடம் வையுங்கள். செருப்பை வானிலேயே விட்டுவிடுங்கள், வான் கிட்ட வராது, கோயிலைச் சுற்றி வீதிகளை மூடியிருப்பார்கள், சாரதியோடு எங்கே சந்திப்பது என்று முதல் நாளே பேசிவைக்க வேண்டும். மகனின் சட்டைப் பைக்குள் உங்கள் இருவரின் போன் நம்பர் எழுதிய துண்டு கட்டாயம், மகளுக்கு நம்பரைப் பாடமாக்கிக் கொடுங்கள். நகையைக் கொழும்பில் விட்டுவிட்டு வாருங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், தேருக்கு வெறுங்கழுத்தோடு போவதா என்பீர்கள், ஆனால் சங்கிலி அறுக்கிறவர்கள் காத்திருக்கிற நாளும் அதுதான், பிள்ளையின் கழுத்திலாவது போடாதீர்கள்.

இனி, யார் இதையெல்லாம் செய்வது? எல்லாப் பையும் ஒரே தலைக்குள் இருந்தால் அந்தத் தலை ஒரு மணிக்குத்தான் நித்திரைக்குப் போகும். கணவரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்களேன்" என்று கேட்காதீர்கள். உதவி என்று கேட்டால் "என்ன செய்ய, சொல்லு" என்று வந்து நிற்பார், யோசிப்பதும் தேடுவதும் பழையபடி உங்கள் வேலை. முழுதாக ஒரு பகுதியை ஒப்படைத்துவிடுங்கள். கரன்ட், கடதாசி, வாகனம், இந்த மூன்றும் அவருடையது: சார்ஜர், பவர் பாங்க், அடையாள அட்டைகள், அறை பதிந்த விவரம், சாரதியின் நம்பர், வழிச் செலவுக்குக் காசு. இப்போது 13 அம்பியர் சதுர முனைதான் வழக்கம் என்றாலும் பழைய வீடுகளிலும் சின்ன விடுதிகளிலும் 5 அம்பியர் உருண்டை முனை ஓட்டைதான் இருக்கும், இரண்டுக்கும் பொருந்துகிற ஒரு மல்டிபிளக் எடுக்கச் சொல்லுங்கள். அவர் மறந்தால் மறக்கட்டும், நீங்கள் பின்னால் போய்ச் சரிபார்க்க வேண்டாம், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கல்நெஞ்சாக இருங்கள். ஒன்பது வயது மகளுக்குத் தம்பியையும் சேர்த்து வழியில் விளையாட என்ன வேண்டும் என்று யோசிக்கிற பொறுப்பு, அவளுடைய பள்ளிப் பைக்குள் அடங்குகிற அளவுக்கு. மாமி தன் மருந்தைத் தானே எடுத்து வைப்பார், நீங்கள் எண்ணிப் பாருங்கள், அது மட்டும் இரண்டு பேர் பார்க்க வேண்டியது.

நாள் கணக்கு இப்படி வையுங்கள்: திருகோணமலைப் பை ஒரு கிழமைக்கு முன், கோயில் பை அதற்கு இரண்டு நாள் கழித்து, பெரிய பை கடைசிக்கு முந்தின நாள். கடைசி இரவில் மிச்சம் இருப்பது வழிப்பையும் பிரஷ்களும்தான், ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். ஒவ்வொரு பையையும் மூடுமுன் போனில் ஒரு படம் எடுங்கள், மேலே எது கீழே எது என்று தெரிகிற மாதிரி. "அந்த நீலத் துவாய் எங்கே?" என்று யாராவது கேட்டால் பையைக் கிளறாமல் படத்தைப் பார்க்கலாம், வீட்டு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் உங்களிடம் கேட்கவே தேவையில்லை.

பை கட்டுகிற அவசரத்தில் வீட்டை மறந்துவிடுகிறார்கள். காஸ் ரெகுலேட்டரை மூடுவதும் தண்ணீர்க் குழாயை மூடுவதும் எல்லாரும் சொல்வதுதான், ஆனால் கொழும்பில் டெங்கு இருக்கிற காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் தேங்கின தண்ணீரைப் பார்க்க வேண்டும், முட்டை நுளம்பாக மாற 7 முதல் 10 நாள் போதும், நீங்கள் போய் வருகிற காலம் கிட்டத்தட்ட அதுதான். பூச்சாடித் தட்டு, குளியலறை வாளி, ஃபிரிட்ஜின் பின்னால் இருக்கிற தண்ணீர்த் தட்டு, பல்கனியில் கவிழ்க்காமல் விட்ட கோப்பை எல்லாவற்றையும் ஊற்றிக் கவிழ்த்து வையுங்கள், கொமட்டை மூடியால் மூடுங்கள். இந்தப் பகுதியையும் கணவரிடமே கொடுத்துவிடலாம், சுற்றி ஒரு பத்து நிமிட வேலை.

மருந்துப் பெட்டிக்கு அதிகம் வேண்டாம். பிள்ளையின் நிறைக்குப் பொருத்தமான பரசிற்றமோல், வெப்பமானி, ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற உப்புக் கலவை) பக்கற் நாலைந்து, பிளாஸ்டர், கிருமி கொல்லி, மாமிக்கு நோவுக்குப் பூசுகிற சித்தாலேப. ஜீவனியைப் பக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் மட்டும் கரையுங்கள், பிள்ளை குடிக்க மாட்டான் என்று சின்னக் கோப்பையில் கட்டியாகக் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு, அது நல்லதில்லை.

உங்கள் கணவரின் அந்தக் கேள்விக்கும் பதில் வேண்டுமல்லவா? போகும்போது நாலு பையும் ஒரு கைப்பையும் மகளின் பள்ளிப் பையும்தான், எண்ணிக் காட்டுங்கள். வரும்போது கூடும், அதை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள், யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் புழுக்கொடியல், பனங்கட்டி, மிளகாய்த்தூள், முருங்கைக்காய் என்று ஏதாவது கட்டித் தராமல் விடமாட்டார்கள். அதற்காக மடித்த வெறும் பை ஒன்றைப் பெரிய பையின் அடியில் போட்டுக்கொண்டு போங்கள். நல்லெண்ணெய் தந்தால் மட்டும் அதற்குள் போடாதீர்கள், போத்தலின் மூடியை டேப்பால் சுற்றி, நிமிர்த்தி, கணவரின் காலடியில் வைத்துவிடுங்கள், திருகோணமலை வரைக்கும் அவர் பிடித்துக்கொண்டு வரட்டும்.